ஏர்போர்ட் லவுஞ்ச் உண்மையிலேயே இலவசமா? யாரெல்லாம் போகலாம், எங்கே காசு பிடிப்பார்கள்? முழு விவரம்

நத்தத்தில் இருந்து விமானம் ஏறப் போகிறவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று மதுரை விமான நிலையம். இன்னொன்று துவரங்குறிச்சி வழியாக திருச்சி. நான்குவழிச் சாலையும், 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட 7.3 கி.மீ. நீள மதுரை நத்தம் சாலை மேம்பாலமும் வந்த பிறகு பயண நேரம் குறைந்துவிட்டது. ஆனாலும் 'வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது?' என்ற பயத்தில் மூன்று, நான்கு மணி நேரம் முன்னாடியே போய் உட்கார்ந்துவிடுவதுதான் நம்ம ஊர் வழக்கம்.

அப்படிக் காத்திருக்கும்போது கண்ணில் படுவதுதான் லவுஞ்ச். கண்ணாடிக் கதவு, மெத்தை நாற்காலி, சுடச்சுட சாப்பாடு. "கார்டு இருந்தா போதும், ரெண்டே ரூபாதான்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கார்டு விற்க போன் செய்பவர்களும் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் வாசலில் கார்டைத் தேய்த்ததும் "உங்க கார்டுக்கு அனுமதி இல்லை சார்" என்று திருப்பி அனுப்பினால்? பின்னால் குடும்பமே நிற்கும்போது அது பெரிய சங்கடம்.

லவுஞ்ச் யாருக்கு, எந்தக் கணக்கில் இலவசம்? அது இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பயணிக்கும் கிடைக்க வேண்டியது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

லவுஞ்ச் என்றால் என்ன?

விமானம் ஏறும் வரை ஓய்வெடுக்க ஒதுக்கப்பட்ட தனி அறைதான் லவுஞ்ச். இது புதிய விஷயம் இல்லை. 1939-ம் ஆண்டே நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 'அட்மிரல்ஸ் கிளப்' என்ற பெயரில் இப்படி ஒரு அறையைத் தொடங்கியது. அப்போது அது முக்கியப் பிரமுகர்களுக்கு மட்டும். இன்று கார்டு வைத்திருக்கும் சாதாரணப் பயணிகளுக்கும் கதவு திறந்திருக்கிறது.

உள்ளே பொதுவாக என்னென்ன கிடைக்கும்?

* பஃபே முறையில் சாப்பாடு, டிபன், டீ, காபி, குளிர்பானம்
* வைஃபை, செல்போன் சார்ஜ் போடும் வசதி
* கூட்டம் குறைந்த இருக்கைகள், சுத்தமான கழிப்பறை
* விமான நேரம் காட்டும் திரை, டிவி, செய்தித்தாள்
* பெரிய லவுஞ்ச்களில் குளியலறை, சாய்ந்து படுக்கும் நாற்காலி

எல்லா லவுஞ்சிலும் எல்லாமும் இருக்காது. பெங்களூருவின் '080 லவுஞ்ச்', டெல்லியின் 'என்காம் லவுஞ்ச்' போன்றவை பெரியவை. சிறிய விமான நிலையங்களில் நான்கைந்து வகை உணவோடு முடிந்துவிடும். மதுபானம், மசாஜ் போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் வாங்கும் இடங்களும் உண்டு. எதையும் கேட்காமல் எடுத்துவிட வேண்டாம்.

யாரெல்லாம் உள்ளே போகலாம்?

நான்கு வழிகள் இருக்கின்றன.

1. டிக்கெட் வகுப்பு: முழுச்சேவை விமான நிறுவனங்களில் பிசினஸ், முதல் வகுப்பு டிக்கெட் எடுத்தவர்களுக்கு லவுஞ்ச் பொதுவாக டிக்கெட்டிலேயே அடக்கம்.

2. அடிக்கடி பறப்பவர்: ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து பயணித்து உயர்நிலை உறுப்பினர் ஆனவர்கள். ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இடம்பெற்றுள்ள 'ஸ்டார் அலையன்ஸ்' கூட்டமைப்பில் கோல்டு நிலையில் இருப்பவர், சாதாரண வகுப்பில் போனாலும் லவுஞ்சுக்குள் போகலாம். ஒரு விருந்தினரையும் அழைத்துப் போகலாம்.

3. கார்டு: குறிப்பிட்ட கிரெடிட் கார்டுகள், ரூபே பிளாட்டினம், செலக்ட் போன்ற சில டெபிட் கார்டுகள், 'பிரயாரிட்டி பாஸ்' போன்ற உறுப்பினர் அட்டைகள்.

4. கையில் காசு: இடம் இருந்தால் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் போகலாம். தலைக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். ஜிஎஸ்டி தனி.

மதுரை, திருச்சியில் இருந்து கிளம்பும் விமானங்களில் பெரும்பாலானவை குறைந்த கட்டண நிறுவனங்களுடையவை. அவற்றின் சாதாரண டிக்கெட்டில் லவுஞ்ச் சேராது. திருச்சியில் இருந்து சிங்கப்பூர் போகும் 'ஸ்கூட்' நிறுவனத்தின் தாய் நிறுவனம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்தான். அதற்காக ஸ்கூட் டிக்கெட்டைக் காட்டி சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் லவுஞ்சுக்குள் போக முடியாது. ஆகவே நத்தம் பகுதிப் பயணிகளுக்கு நடைமுறையில் மிச்சம் இருப்பது மூன்றாவது, நான்காவது வழிகள்தான்.

அந்த 2 ரூபாய் யாருடைய காசு?

குழப்பம் தொடங்குவது இங்கேதான். கார்டைத் தேய்க்கும்போது 2 ரூபாய் போல ஒரு சிறு தொகை பிடிக்கப்படும். இது சாப்பாட்டுக்கான விலை இல்லை. கார்டு உண்மையானதா, செயல்பாட்டில் இருக்கிறதா, சலுகை மிச்சம் இருக்கிறதா என்று சரிபார்ப்பதற்கான பரிவர்த்தனை. உண்மையான கட்டணத்தை வங்கியோ, கார்டு நெட்வொர்க் நிறுவனமோ ஒவ்வொரு வருகைக்கும் கணக்கிட்டுக் கட்டுகிறது.

வங்கிக்கு அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? கார்டுக்கான ஆண்டுக் கட்டணம், கடைக்காரரிடம் இருந்து வரும் கமிஷன், தவணை தவறியவர்கள் கட்டும் வட்டி ஆகியவற்றில் இருந்துதான். எனவே 'இலவசம்' என்பது வாசலில் மட்டும்தான். காசு வேறு வழியில் நம்மிடம் இருந்தே போயிருக்கும்.

விமானப் பயணிகள் கூடி, லவுஞ்சுகளில் வரிசை நீண்டதும் வங்கிகளுக்குச் செலவு ஏறியது. அப்போது வந்ததுதான் 'முதலில் செலவு செய், பிறகு லவுஞ்ச்' என்ற விதி.

எவ்வளவு செலவு செய்திருக்க வேண்டும்?

வங்கிக்கு வங்கி, கார்டுக்கு கார்டு மாறும். சில உதாரணங்கள்:

* எச்டிஎஃப்சி வங்கி தன் 'ரீகாலியா' கார்டுக்கு 2023 டிசம்பர் 1 முதல், ஒரு காலாண்டில் 1 லட்சம் ரூபாய் செலவு என்ற நிபந்தனையைக் கொண்டுவந்தது.
* ஐசிஐசிஐ வங்கி 2024 ஏப்ரல் 1 முதல் பல கார்டுகளுக்கு, முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவு என்று வைத்தது. அதே ஆண்டு நவம்பர் 15 முதல் அதை 75,000 ஆக உயர்த்தியது.
* ஆக்சிஸ் வங்கி 2024 மே 1 முதல் சில கார்டுகளுக்கு, முந்தைய மூன்று மாதங்களில் 50,000 ரூபாய் என்று வைத்தது.

எட்டே மாதத்தில் 35,000 என்பது 75,000 ஆனதைக் கவனிக்க வேண்டும். போன வருஷம் உள்ளே விட்டார்கள் என்பதற்காக இந்த வருஷமும் விடுவார்கள் என்று சொல்ல முடியாது. பயணத்துக்கு முன் தற்போதைய விதியைப் பார்ப்பது அவசியம்.

இன்னொரு முக்கியமான விஷயம் 'முந்தைய காலாண்டு' என்ற சொல். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் லவுஞ்ச் வேண்டுமானால் ஜனவரி முதல் மார்ச் வரை செலவு செய்திருக்க வேண்டும். மே மாதம் டிக்கெட் எடுத்துவிட்டு, மே மாதமே கார்டில் வாரி இறைத்தாலும் அந்தப் பயணத்துக்குப் பலன் இல்லை. புதிதாக வாங்கிய கார்டுக்கு விதி வேறு மாதிரி இருக்கலாம். வாடகை, பெட்ரோல், வாலட்டில் பணம் ஏற்றுவது போன்ற செலவுகளைப் பல வங்கிகள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, இது லாபமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று மாதத்தில் 75,000 என்றால் மாதம் 25,000 ரூபாய் கார்டில் செலவாக வேண்டும். மாதச் சம்பளமே அதைச் சுற்றி இருக்கும் குடும்பத்துக்கு இது நடக்கிற காரியமா?

வழக்கமாக ஆகிற மளிகை, கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ் ஆகியவற்றைக் கார்டில் கட்டி, கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் அடைப்பவருக்கு லவுஞ்ச் ஒரு கூடுதல் பலன். ஆனால் லவுஞ்சுக்காகவே தேவையில்லாத பொருளை வாங்கி, பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டினால் கதை வேறு. கிரெடிட் கார்டு வட்டி மாதம் 3 முதல் 4 சதவிகிதம் வரை போகும். 75,000 ரூபாய் பாக்கிக்கு 3.5 சதவிகிதம் என்றால் ஒரே மாதத்தில் வட்டி மட்டும் 2,625 ரூபாய். அந்தக் காசுக்கு கார்டே இல்லாமல் கட்டணம் கட்டி லவுஞ்சில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

வருடத்துக்கு ஒருமுறை விமானம் ஏறுபவர் லவுஞ்சை மட்டும் நம்பி ஆண்டுக் கட்டணக் கார்டு வாங்குவதில் பெரிய பயன் இல்லை. வேண்டாம் என்றால் கார்டைத் திருப்பித் தரும் உரிமையும் இருக்கிறது. 2022-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, பாக்கி இல்லாத பட்சத்தில் கார்டை மூடச் சொல்லி 7 வேலை நாட்களுக்குள் வங்கி மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். கேட்காத கார்டை அனுப்பவும் கூடாது. வங்கி 30 நாட்களில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அமைப்பிடம் போகலாம். அதன் உதவி எண் 14448.

தகுதி இருந்தும் திருப்பி அனுப்புவார்களா?

அனுப்பலாம். காரணம், வங்கிக்கும் லவுஞ்சுக்கும் நடுவில் இன்னொரு நிறுவனம் இருக்கிறது. கார்டுகளையும் லவுஞ்சுகளையும் இணைப்பது அதன் வேலை. அங்கே ஒப்பந்தச் சிக்கல் வந்தால் அடி வாங்குவது பயணிதான்.

2024 செப்டம்பர் 22-ம் தேதி இதுதான் நடந்தது. நாட்டின் பல விமான நிலையங்களில் கார்டு வைத்திருந்த பயணிகளுக்கு லவுஞ்ச் அனுமதி கிடைக்கவில்லை. இந்தச் சந்தையில் பெரிய இடைநிலை நிறுவனமாக இருந்த 'ட்ரீம்ஃபோக்ஸ்', 2025 செப்டம்பர் 16 முதல் உள்நாட்டு லவுஞ்ச் சேவையையே நிறுத்திக்கொண்டது. அதன் வழியாகச் சேவை தந்த வங்கிகள் வேறு ஏற்பாட்டுக்கு மாற வேண்டியிருந்தது. சில கார்டுகளில் இப்போது தேய்த்தால் மட்டும் போதாது. வங்கி ஆப்பில் வவுச்சர் எடுத்து, அதில் வரும் கியூஆர் குறியீட்டைக் காட்ட வேண்டும்.

இது தவிர, கூட்டம் அதிகமாக இருந்தாலும் லவுஞ்ச் ஊழியர்கள் காத்திருக்கச் சொல்லலாம், மறுக்கலாம்.

வாசலில் கவனிக்க வேண்டிய விதிகள்

* கார்டில் உள்ள பெயரும் போர்டிங் பாஸில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா கார்டில் மகன் போக முடியாது.
* ஒரு கார்டுக்கு பெரும்பாலும் ஒருவர்தான். மனைவி, குழந்தைகளுக்குக் கட்டணம் வரும். கைக்குழந்தைகளுக்கு இலவசம் தரும் லவுஞ்ச்கள் உண்டு. வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும்.
* வழக்கமாக 2 முதல் 3 மணி நேரம் வரைதான் இருக்கலாம். விமானம் தாமதமானால் கூடுதல் நேரத்துக்குக் காசு கேட்கலாம்.
* உள்நாட்டு லவுஞ்ச் சலுகை உள்ள கார்டு, வெளிநாட்டு லவுஞ்சில் செல்லும் என்று நினைக்கக் கூடாது. இலவச எண்ணிக்கை இல்லாத பிரயாரிட்டி பாஸ் அட்டையைத் தேய்த்தால் டாலரில் பில் வரும். அதன் வழக்கமான வருகைக் கட்டணம் 35 டாலர். ரூபாயில் 3,000-ஐத் தாண்டலாம்.
* லவுஞ்ச் எந்த முனையத்தில், பாதுகாப்பு சோதனைக்கு முன்பா, பின்பா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சோதனை முடிந்து உள்ளே போனபின் திரும்பி வெளியே வருவது எளிதல்ல.
* நேரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். சென்னை விமான நிலையத்தில் 2023 முதல் ஒலிபெருக்கி அறிவிப்புகள் பெருமளவு நிறுத்தப்பட்டுவிட்டன. போர்டிங் கேட் பொதுவாக விமானம் கிளம்ப 25 நிமிடம் முன்பே மூடப்படும். "லவுஞ்சில் இருந்தேன், காதில் விழவில்லை" என்றால் விமானம் திரும்பி வராது.

உஷார்: லவுஞ்ச் பெயரில் மோசடி

2024-ல் பெங்களூரு விமான நிலையத்தில் ஒரு பெண் பயணிக்கு நடந்தது பரவலாகப் பேசப்பட்டது. கையில் கார்டு இல்லாததால் செல்போனில் இருந்த கார்டு படத்தைக் காட்டியவரிடம், ஒரு ஆப்பை இறக்கி முகத்தைப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். சில வாரங்கள் கழித்துத்தான் அவருடைய போன் அழைப்புகள் வேறு யாருக்கோ போவது தெரிந்தது. கிரெடிட் கார்டில் இருந்து 87,000 ரூபாய்க்கும் மேல் போயிருந்தது.

'லவுஞ்ச் பாஸ்' என்ற பெயரில் உலவிய அந்தப் போலி ஆப் பற்றி கிளவுட்செக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் ஆய்வு செய்தது. செல்போனுக்கு வரும் எஸ்எம்எஸ்களைத் திருடி, ஓடிபியைப் பிடிப்பதுதான் அதன் வேலை. சுமார் 450 பயணிகள் அதை இறக்கியிருந்ததாகவும், 2024 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 9 லட்சம் ரூபாய்க்கு மேல் திருடப்பட்டதாகவும் அந்த நிறுவனம் தெரிவித்தது.

எனவே வாட்ஸ்அப்பில் வரும் லிங்க், வாசலில் யாரோ காட்டும் கியூஆர் மூலம் ஆப் இறக்கக் கூடாது. எந்த ஆப்புக்கும் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியை யோசிக்காமல் தரக் கூடாது. பணம் போனால் உடனே வங்கிக்குச் சொல்லி, 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

லவுஞ்ச் இல்லாவிட்டால் என்ன கிடைக்கும்?

லவுஞ்ச் ஒரு சலுகை. உரிமை இல்லை. ஆனால் விமானம் தாமதமானால் சாப்பாடு என்பது விதியிலேயே இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-வின் விதிப்படி, உரிய நேரத்தில் செக்-இன் செய்த பயணிக்கு:

* இரண்டரை மணி நேரம் வரையிலான பயணம் என்றால், 2 மணி நேரம் தாமதமானாலே உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். மதுரை–சென்னை, மதுரை–பெங்களூரு விமானங்கள் இந்த வகை.
* இரண்டரை முதல் 5 மணி நேரப் பயணத்துக்கு 3 மணி நேரத் தாமதம். மற்றவற்றுக்கு 4 மணி நேரம்.
* 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம் திரும்ப.
* 24 மணி நேரத்துக்கு மேல் தாமதம், அல்லது இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் ஹோட்டல் தங்கல்.

மோசமான வானிலை, கலவரம் போன்ற விமான நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்கு விதிவிலக்கு உண்டு. அப்போதும் கவுன்ட்டரில் போய்க் கேட்பதில் தவறில்லை. யாரும் தேடி வந்து கொடுப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

குடிநீர், கழிப்பறை, சார்ஜ் போடும் இடம் ஆகியவை எல்லாப் பயணிகளுக்கும் பொது. காலி பாட்டில் கொண்டுபோனால் சோதனை முடிந்தபின் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். வயதானவர்களுக்கு சக்கர நாற்காலி வேண்டுமானால் டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்வது நல்லது.

சென்னை வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு வசதி. 2025 பிப்ரவரியில் சென்னை விமான நிலையத்தில் 'உடான் யாத்ரி கஃபே' திறக்கப்பட்டது. டீ 10 ரூபாய், தண்ணீர் 10 ரூபாய், காபி 20 ரூபாய், சமோசா 20 ரூபாய் என்று தொடங்கப்பட்டது. 2024 டிசம்பரில் கொல்கத்தாவில் முதலில் வந்த திட்டம் இது. சிங்கப்பூரில் இறங்கி மாறுகிறவர்களுக்கு சாங்கி விமான நிலையத்தில் இலவச சினிமா அரங்கு, சாய்ந்து படுக்கும் ஓய்விடம் எல்லாம் லவுஞ்சுக்கு வெளியிலேயே கிடைக்கும். போர்டிங் பாஸ் இருந்தால் போதும்.

வீட்டுச் சாப்பாட்டுக்கும் தடை இல்லை. உள்நாட்டுப் பயணத்தில் இட்லி, புளியோதரை, சப்பாத்தி கட்டிக்கொண்டு போகலாம். சாம்பார், தயிர் மாதிரி திரவமானவை மட்டும் சோதனையில் நிறுத்தப்படலாம்.

கிளம்பும் முன் 5 நிமிடச் சோதனை

1. வங்கி ஆப்பிலோ, கார்டின் பின்புறம் உள்ள எண்ணிலோ கேளுங்கள்: இந்தக் காலாண்டில் எனக்கு லவுஞ்ச் சலுகை இருக்கிறதா? எத்தனை முறை மிச்சம்?
2. நான் ஏறும் விமான நிலையம், அந்த முனையம் பட்டியலில் உள்ளதா? உங்கள் கார்டுக்கான பட்டியலில் மதுரையும் திருச்சியும் இருக்கும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.
3. தேய்த்தால் போதுமா, வவுச்சர் எடுக்க வேண்டுமா?
4. கூட வருபவருக்கு எவ்வளவு?
5. கையில் அசல் கார்டு இருக்கிறதா? படம் செல்லாது.

மாசித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்துவிட்டு சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ திரும்பும் தம்பியாக இருந்தாலும், பேரனைப் பார்க்க முதல்முறை விமானம் ஏறும் பாட்டியாக இருந்தாலும், லவுஞ்ச் கிடைத்தால் மகிழ்ச்சியாக அனுபவிக்கலாம். கிடைக்காவிட்டால் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. விமானம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் கிளம்பும். வாசலில் தேய்க்கும் முன் "இதுக்கு எவ்வளவு பிடிப்பீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.